‘க்கு’ இருந்த இடத்தில் சமக்குறி: ஒரு பயிற்சி ஆசிரியையின் செயலாய்வு

உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி பெறுபவர்கள், கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் காலத்திலேயே ஒரு செயலாய்வும், அதாவது தம் வகுப்பில் காணும் சிக்கலைத் தாமே ஆராய்ந்து தீர்க்க முயலும் ஆய்வும், செய்து ஒப்படைக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்த ஆய்வேடுகளுக்கு வழிகாட்டி வருகிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் தொடக்கத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். அது முதலில் தவறான பாதையில் போனது. அந்தப் பாதையைக் காட்டியதில் எனக்கும் பங்குண்டு. அதைத் திருப்பியவர் அந்தப் பயிற்சி ஆசிரியைதான். திரும்பிய பிறகு அவர் கண்டது, தமிழில் கணிதம் சொல்லித்தரும் எவருக்கும் உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தலைப்பு

அவர் கணிதப் பட்டதாரி. கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு, 41 மாணவர்கள், 10 வாரம். அவர் கொண்டுவந்த தலைப்பு: ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் இயற்கணித அடைவில் குழுக் கற்றலின் தாக்கம்’. இப்படிப்பட்ட தலைப்புகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்தேர்வு, பிறகு மூன்று வாரம் குழுக் கற்றல், பிறகு பின்தேர்வு, இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் டி சோதனை, ஐந்து இயல்கள். மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

முன்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய 12 பேரைத் தேர்ந்தெடுத்து, மதிய வேளையில் தனியாக உட்காரவைத்துக் குழுவாகப் பயிற்சி கொடுத்தார். மூன்றாம் வாரக் கடைசியில் அதே தாளை மறுபடி கொடுத்தார். ஏறக்குறைய எல்லோருக்கும் மதிப்பெண் கூடியிருந்தது. டி மதிப்பும் பொருளுள்ளதாக வந்தது. எனக்குத் திருப்தி. மீதி ஏழு வாரத்தையும் எழுதுவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்து கேட்டது இது: “சார், பின்தேர்வுல சரியா போட்ட பையன் ஒருத்தனை நேத்து பலகைக்குக் கூப்பிட்டேன். மேசை, நாற்காலிக்குப் பதிலா பெட்டி, புத்தகம்னு மாத்திக் கொடுத்தேன். அப்படியே தலைகீழா எழுதிட்டான். அப்போ அவன் கத்துக்கிட்டது என்ன சார்?”

தேர்வில் இருந்த கணக்கு இதுதான். ஒரு மேசைக்கு நான்கு நாற்காலிகள். மேசைகளின் எண்ணிக்கை ம, நாற்காலிகளின் எண்ணிக்கை ந. இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டை எழுதுக. விடை ந = 4ம. அந்த மாணவன் முன்தேர்வில் ம = 4ந என்று எழுதியிருந்தான். பின்தேர்வில் ந = 4ம என்று சரியாக எழுதினான். பெட்டிக்கு ஆறு புத்தகம் என்றதும் பெட்டி = 6 புத்தகம் என்ற பழைய வடிவத்துக்கே போய்விட்டான். மனப்பாடமானது அந்தத் தாளின் விடை மட்டுமே.

அவருடைய கேள்வி அந்த ஒரு மாணவனோடு நிற்கவில்லை. ஒரே தாளை இரண்டு முறை கொடுத்தால் இரண்டாம் முறை கூடத்தான் செய்யும். அதைவிட நுட்பமான இன்னொரு கோளாறும் எங்கள் வடிவமைப்பில் இருந்தது. ஒரு தேர்வில் கடைசியில் வந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி தேர்வு வைத்தால், இடையில் எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி கொஞ்சம் ஏறும். முதல் நாள் தலைவலியோடு எழுதியவன், ஒரு கேள்வியைத் தவறாக வாசித்தவள் என்று அன்றைய துரதிர்ஷ்டத்தால் கீழே போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இரண்டாம் முறையும் அதே துரதிர்ஷ்டம் அவர்களைப் பிடிக்காது. பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிய ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்பது இதுதான். இதை வகுப்பில் நடத்தும் நானே, ஆய்வேட்டில் அது என் கண்முன் வந்தபோது பார்க்கத் தவறினேன்.

எண்களில் பிடிபடாத ஒரு சேதமும் நடந்திருந்தது. மதியம் தனியாக உட்காரவைக்கப்பட்ட 12 பேருக்கும் வகுப்பில் ஒரு பெயர் விழுந்திருந்தது. அது என்ன பெயர் என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவர் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோனது. ஆய்வுக்காக ஒரு குழுவைப் பிரிக்கும்போது அந்தப் பிரிவு ஆய்வோடு முடிவதில்லை. பிள்ளைகள் அதை ஆண்டு முழுவதும் சுமக்கிறார்கள்.

கேள்வியைச் சின்னதாக்குதல்

மூன்று வார வேலையை ஓரமாக வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். ‘தாக்கம்’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்றும் சொன்னேன். பத்து வாரத்தில், ஒரே வகுப்பில், பாடம் நடத்தவே புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரால் ஒரு கற்பித்தல் முறையின் தாக்கத்தை அளக்க முடியாது. 41 பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க முடியும். அந்த வாய்ப்பு பெரிய ஆய்வுக் கூடங்களுக்குக்கூட அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

செயலாய்வு என்ற சொல்லைப் பரவலாக்கிய குர்ட் லெவின் 1946இல் எழுதியபோது மனத்தில் வைத்தது ஒரு சுழற்சியை: திட்டமிடு, செய், என்ன ஆனது என்று கண்டறி, அதைக்கொண்டு மறுபடி திட்டமிடு. ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்கூட ஆசிரியர்களிடம் கொண்டுசேர்த்தார். வகுப்பறையில் இருப்பவரே ஆய்வாளர் என்பதை 1975இல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் அழுத்திச் சொன்னார். இந்த மூன்று பெயரும் எங்கள் ஆய்வேடுகளின் இரண்டாம் இயலில் தவறாமல் வரும். மூன்றாம் இயலில் முன்தேர்வு, பின்தேர்வு வந்துவிடும். சுழற்சி காணாமல் போய்விடும். இந்த முறை முதல் சுற்று தோற்றதையே முதல் சுழற்சியாக எழுதச் சொன்னேன்.

பள்ளியில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த கணித ஆசிரியருக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: “பசங்களுக்குக் கணக்கு வரும்மா, வாசிச்சுப் புரிஞ்சுக்கத்தான் வராது.” வார்த்தைக் கணக்கில் தடுமாறும் எந்த வகுப்பைப் பற்றியும் ஆசிரியர் அறையில் இதைக் கேட்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த பிழைப் பகுப்பாய்வு. மாணவரிடம் ஐந்து விஷயம் வரிசையாகக் கேட்க வேண்டும். கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல். எப்படிச் செய்யப் போகிறாய்? செய்துகொண்டே வாய்விட்டுச் சொல். விடையை எழுது. எந்த இடத்தில் முதலில் இடறுகிறாரோ அதுதான் பிழையின் வகை: வாசிப்பு, புரிதல், உருமாற்றம், செயல்முறை, விடையாக்கம்.

எட்டுப் பேரிடம் பேசத் திட்டமிட்டார். இந்த முறை தவறாகப் போட்டவர்களை மட்டும் அழைக்க வேண்டாம், சரியாகப் போட்டவர்களையும் கலந்து அழையுங்கள் என்றேன். பெயர் விழாமல் இருக்கும். சரியான விடைக்குப் பின்னால் தவறான காரணம் ஒளிந்திருந்தால் அதுவும் வெளியே வரும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கினோம். மாணவர்களிடமும் தனியாகக் கேட்டோம். மதிப்பெண் போடும் ஆசிரியையே கேட்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்வது பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால், விருப்பமில்லாதவர் ஒரு வெற்றுத்தாளை மடித்துப் பெட்டியில் போட்டால் போதும் என்று வைத்தார். மூன்று பேர் அப்படிப் போட்டார்கள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியதும் அழித்துவிடுவது, பெயருக்குப் பதில் எண் என்பதும் முடிவானது.

கேட்கக் கற்றுக்கொள்வது

முதல் இரண்டு நேர்காணலின் எழுத்தாக்கத்தை என்னிடம் கொடுத்தார். பக்கம் முழுக்க அவருடைய வரிகளே இருந்தன. “எப்படிச் செய்யப் போற? முதல்ல எழுத்து எதைக் குறிக்குதுன்னு பாக்கணும் இல்லையா?” என்று ஒரே மூச்சில் கேள்வியும் விடையும். மாணவன் சொன்னதெல்லாம் “ஆமா மிஸ்”.

இது அவருடைய குறை மட்டும் இல்லை. 1970களில் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசியபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாங்களாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். படித்தால் எளிதாகத் தெரியும். வகுப்பில் மூன்று விநாடி மௌனம் என்பது பயிற்சி ஆசிரியருக்கு மூன்று நிமிடம் போல இருக்கும். அவர் ஒரு வழி வைத்துக்கொண்டார்: மேசைக்குக் கீழே கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது. நான்கு விரலும் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.

மூன்றாவது நேர்காணல் இப்படிப் போனது. பலகையில் தலைகீழாக எழுதிய அதே மாணவன். கணக்கைத் தடையில்லாமல் வாசித்தான். என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் தன் சொற்களில் சரியாகச் சொன்னான். ம = 4ந என்று எழுதினான்.

“10 மேசை இருந்தா எத்தனை நாற்காலி?”

“40, மிஸ்.” யோசிக்கவே இல்லை.

“நீ எழுதினதுல ந இருக்கிற இடத்துல 40 போடு.”

போட்டான். நாலு நாற்பது 160 என்று முணுமுணுத்தான். பிறகு எழுத்தாக்கத்தில் ‘மௌனம், 6 விநாடி’ என்றிருக்கிறது.

“மேசை 160 வருது. தப்பு மிஸ்.”

“எங்க தப்பு?”

மறுபடி மௌனம். பிறகு தாளில் விரலை வைத்துக்கொண்டு சொன்னான்: “இங்க ஒண்ணும் தப்பு இல்லையே மிஸ். இது ‘ஒரு மேசை’. இது ‘க்கு’. இது ‘நாலு நாற்காலி’.”

விரல் முதலில் ம மேல், அடுத்து சமக்குறி மேல், கடைசியாக 4ந மேல் இருந்தது.

இந்தப் பக்கத்தை அவர் என் மேசையில் வைத்தபோது நான் மூன்று முறை வாசித்தேன். ‘ஒரு மேசைக்கு நான்கு நாற்காலி’ என்ற வாக்கியத்தை அவன் எழுத்தெண்ணி மொழிபெயர்த்திருக்கிறான். நான்காம் வேற்றுமை உருபு நின்ற இடத்தில் சமக்குறி. அவனுக்கு ம என்பது மேசைகளின் எண்ணிக்கை இல்லை, மேசையேதான். 4ந என்றால் நான்கு நாற்காலி. அப்படி வாசித்தால் அவன் எழுதியதில் தவறே கிடையாது. வாசிப்பு வராத பிள்ளை இல்லை அவன். நியூமனின் மூன்றாம் படியில், வாக்கியத்தைக் கணிதமாக உருமாற்றும் இடத்தில்தான் இடறினான். எட்டுப் பேரில் தவறாக எழுதிய ஐவருமே அதே படியில்தான் நின்றார்கள்.

எழுத்தைப் பொருளாக வாசிப்பது உலகெங்கும் பதிவான ஒன்று. 1981இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் டீட்மார் கூக்கமன், பிள்ளைகள் இயற்கணித எழுத்தை வாசிக்கும் ஆறு விதங்களைப் பிரித்துக் காட்டினார். பொருளாக வாசிப்பது அவற்றில் ஒன்று. ‘அ என்றால் ஆப்பிள், வா என்றால் வாழைப்பழம்’ என்று நாமே கீழ்வகுப்பில் ஆரம்பித்துவைக்கிறோம். அதே 1981இல் ஜான் கிளெமென்ட், லாக்ஹெட், மாங்க் மூவரும் எழுதிய கட்டுரையில் பேராசிரியர்கள், மாணவர்கள் பற்றிய புகழ்பெற்ற கணக்கு வருகிறது. ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்ற அதே உறவுதான். அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள், பெரும்பாலும் தலைகீழாக. கிளெமென்ட் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, சொற்கள் வரும் வரிசையிலேயே குறிகளை எழுதுவது. மற்றது, அதிகமாக இருக்கும் பொருளோடு பெரிய எண்ணைச் சேர்த்துவிடுவது.

மூன்று தாள்கள்

இங்கேதான் பயிற்சி ஆசிரியைக்குச் சொந்தமான ஒரு யோசனை வந்தது. ஆங்கில வாக்கியத்தின் சொல்வரிசை வேறு, நம் வாக்கியத்தின் சொல்வரிசை வேறு. தமிழில் ஒரே உறவைப் பல வரிசையில் சொல்ல முடியும். அப்படியானால் கிளெமென்டின் இரண்டு காரணங்களையும் தமிழை வைத்தே பிரித்துப் பார்க்கலாமே என்றார்.

ஒரே கணக்கை மூன்று விதமாக எழுதினார். முதல் தாளில்: ஒரு மேசைக்கு நான்கு நாற்காலிகள். இரண்டாம் தாளில்: நாற்காலிகளின் எண்ணிக்கை, மேசைகளின் எண்ணிக்கையைப் போல் நான்கு மடங்கு. மூன்றாம் தாளில்: மேசைகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் நாற்காலிகளின் எண்ணிக்கை கிடைக்கும். வகுப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து கொடுத்தார்.

இதன் அழகு இரண்டாம் தாளில் இருக்கிறது. சொல்வரிசைப்படியே எழுதினாலும் ‘ந = ம × 4’ என்று சரியாகத்தான் வரும். ஆகவே அந்தத் தாளில் ஒருவர் தலைகீழாக எழுதினால் சொல்வரிசையைக் குற்றம் சொல்ல முடியாது.

முதல் தாளில் பாதிக்கும் மேற்பட்டோர் தலைகீழாக எழுதினார்கள். மூன்றாம் தாளில் இரண்டே பேர். இரண்டாம் தாளில் நான்கு பேர் தவறினார்கள், அந்த நால்வரிடமும் அவர் பேசினார். ஒரு மாணவி சொன்னது: “நாற்காலிதானே மிஸ் நிறைய இருக்கு? அப்போ 4ஐ அதுகூடத்தானே போடணும்?” கிளெமென்ட் சொன்ன இரண்டாவது காரணம் அப்படியே தமிழில் வந்து நின்றது.

ஒரு தாளுக்குப் பதினாலு பேர்கூட இல்லாத இந்த எண்ணிக்கையை வைத்து ‘தமிழ் மாணவர்கள் இப்படித்தான்’ என்று எழுதக் கூடாது என்பதில் அவர் என்னைவிடக் கறாராக இருந்தார். முதல் தாளின் பிழைகளில் எவ்வளவு சொல்வரிசை, எவ்வளவு எழுத்தைப் பொருளாக வாசித்தது என்று பிரிக்க இது போதாது. இரண்டு காரணமும் ஒரே வகுப்பில் இருக்கின்றன என்பதற்குப் போதும். மூன்றாம் தாளில் சரியாக எழுதிய ஒரு மாணவனும், ம என்றால் என்ன என்று கேட்டபோது “மேசை” என்றுதான் சொன்னான். சரியானவர்களிடமும் பேசியதால்தான் அது தெரிந்தது.

பாடமும் அதன் பலனும்

இரண்டு பாடவேளை எடுத்தார். எழுத்துக்குப் பொருளின் முதலெழுத்தை வைப்பதை நிறுத்தி எக்ஸ், ஒய் என்று மாற்றினார். ஒவ்வொரு முறையும் “மேசையா, மேசைகளோட எண்ணிக்கையா?” என்று கேட்டார். சமன்பாடு எழுதும் முன் 1, 2, 10 என்று எண்களைப் போட்டு அட்டவணை நிரப்பச் சொன்னார். எழுதிய பிறகு ஒரு எண்ணைப் போட்டுச் சரிபார்க்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், ஒரு பக்கத்துக்கு 30 வரி என்ற புதிய கணக்கு. முடிவு கலவையாகத்தான் இருந்தது. சரிபார்த்தவர்களில் பலர் முதலில் தலைகீழாக எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தார்கள். சரிபார்க்காதவர்களில் பலர் தலைகீழாகவே விட்டிருந்தார்கள். அந்த அடித்தல்கள்தான் இந்த ஆய்வின் மிக முக்கியமான தரவு என்பது என் கருத்து. இரண்டு பாடவேளை அந்தப் பிழையைப் போக்கவில்லை. முதலில் கைக்கு வருவது இன்னும் அதே தலைகீழ் வடிவம்தான். அதைப் பிடிக்க ஒரு வழி சிலருக்குக் கிடைத்திருக்கிறது. பழைய வடிவமைப்பில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் கூட்டியிருந்தால் இந்த அடித்தல்கள் எங்கேயும் பதிவாகியிருக்காது.

வாய்மொழித் தேர்வில் கருதுகோள் எங்கே, மாதிரி இவ்வளவு சிறிதாக இருக்கிறதே, டி சோதனை ஏன் இல்லை என்று கேட்டார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மதிப்பெண் நடுத்தரம்தான். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மதிப்பீட்டுப் படிவத்தில் கருதுகோளுக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்கிவிட்டு, மாணவர் சொன்னதை எழுத்தாக்கியதற்கு ஒரு கட்டம்கூட வைக்காதபோது, அடுத்து வரும் பயிற்சி ஆசிரியர்கள் எதைச் செய்வார்கள் என்பது தெரிந்ததே. அந்தப் படிவத்தை மாற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை என்னிடம் வருபவர்களின் தலைப்பில் ‘தாக்கம்’ இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை. எந்தப் பிள்ளை சொன்ன எந்த வாக்கியத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது என்று முதலில் கேட்கிறேன்.

ஆய்வேட்டின் கடைசிப் பின்னிணைப்பு, விரல் வைத்துக் காட்டிய அந்த மாணவனிடம் பத்தாம் வாரம் எடுத்த நேர்காணல். பக்கம், வரி கணக்கைத் தலைகீழாக எழுதி, 30ஐப் போட்டுப் பார்த்து, தானே அடித்துத் திருத்தியிருந்தான். ஏன் திருத்தினாய் என்று கேட்டதற்கு, சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும், ‘க்கு’ என்றால் அப்படி இல்லை என்றான். பிறகு அவனே கேட்டான்: “அப்போ ‘க்கு’வுக்கு என்ன குறி மிஸ்?”

அடுத்த வரியில் ‘மௌனம், 4 விநாடி’ என்று இருக்கிறது. அந்த மௌனம் அவருடையது.